நியூட்ரல் லியனார்டும் சத்தமில்லாத காரும்

பெண்டாட்டி சுகிர்தம் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பது லியனார்டுக்கு முதல் சில நாள் தெரியவே இல்லை. தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டில் இருக்கும் வேலாயி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

"லியனார்ட் அண்ணே, அக்கா ஒங்களோட பேசுறதில்லையாம். நீங்க கவனிக்கலைன்னு என்னைய சொல்லச் சொன்னாங்க."

அவர் அப்போது புதுக் காரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். புதுக் கார் என்றால் அவருக்குப் புதுசு. ஜப்பானில் யாரோ ஓட்டி, பிறகு கொழும்பில் யாரோ ஓட்டி, பிறகு ஹட்டனில் ஒரு டியூஷன் மாஸ்டர் ஓட்டி, பேட்டரியின் உயிர் பாதி போன பிறகு டிக்கோயாவுக்கு வந்து சேர்ந்த எலெக்ட்ரிக் கார் அது. ஸ்டார்ட் பண்ணினால் சத்தம் வராது. ஓடினாலும் வராது. அந்தச் சத்தமின்மையில் மயங்கிக் கிடந்த மனுஷருக்கு வீட்டுக்குள் இருந்த சத்தமின்மை எங்கே தெரியப் போகிறது!

அவள் பேசாததற்குக் காரணமே அந்தக் கார்தான். ஆனால் காரைப் பற்றிச் சொல்வதற்கு முன் வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வேனை விட்டுவிட்டு லியனார்டைப் பற்றிப் பேச முடியாது.

டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர் லியனார்ட். படிப்பு ஏறவில்லை, அவர் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியில் கிளீனராக ஏறிவிட்டார். கிளீனர் டிரைவரானார். டிரைவர், கல்யாணமான கையோடு, சொந்தமாக ஒரு டீசல் வேன் வாங்கினார். கல்யாணம், கருமாதி, மடு மாதா திருவிழா, வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளையை ஏர்போர்ட்டில் அழுதுகொண்டே இறக்கிவிடுவது, எல்லாவற்றுக்கும் அந்த வேன்தான். மலையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இறக்கம் வந்ததும் கியரை நியூட்ரலில் தள்ளி, வண்டியைச் சும்மா உருளவிடுவார்கள். டீசல் மிச்சமாகும். பிரேக் தேயும், அது வேறு விஷயம். இதில் லியனார்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. கினிகத்தேனையில் நியூட்ரலில் போட்டால் கித்துல்கலையில்தான் மறுபடி கியரைத் தொடுவார் என்று ஊரில் பேச்சு. பேச்சைக் கிளப்பிவிட்டவரும் அவர்தான். நியூட்ரல் லியனார்ட் என்று பேர் விழுந்தபோது மற்றவர்களாக இருந்தால் கோபித்திருப்பார்கள். இவர் அதை ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டார்.

அந்த வேனின் முன் சீட்டு சுகிர்தத்துடையது. மணப்பெண்ணாக அவள் டிக்கோயாவுக்கு வந்து இறங்கியது அதில். மகள் ஏஞ்சலா ஆஸ்பத்திரியில் பிறந்ததாகத்தான் பேர், உண்மையில் ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே அந்த வேனுக்குள் பிறந்துவிட்டாள். வேன் போடுகிற சத்தத்தில் புருஷனும் பெண்டாட்டியும் கத்தித்தான் பேச வேண்டும். கத்திக் கத்திப் பேசியே அவர்கள் குடும்பம் நடத்தினார்கள்.

பிறகு டீசலுக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் வந்தது. லியனார்ட் வேனோடு வரிசையில் கிடந்தார், அங்கேயே தூங்கினார், அங்கேயே பல் விளக்கினார். ஒருநாள் அந்த டியூஷன் மாஸ்டர் வந்து, தான் லொறி, வேன் வாங்கி விற்கப் போவதாகவும், வேனைத் தந்தால் காரைத் தருவதாகவும் சொன்னார். லியனார்ட் சரி என்றுவிட்டார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனில் போன மனுஷர் காரில் வந்து இறங்கினார். சுகிர்தம் வாசலில் நின்று காரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். அன்றோடு பேச்சு நின்றது.

அதற்காக ஒன்றுமே சொல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா? அவள் அந்தோனியாரைப் பிடித்துக்கொண்டாள். வீட்டு மாடத்தில் புனித அந்தோனியார் சுரூபம் ஒன்று உண்டு. "அந்தோனியாரே, சோறு ஆறுது, இந்த மனுசனைச் சாப்பிடச் சொல்லுங்க" என்பாள். "அந்தோனியாரே, கார் வயரைச் சொருகினா லயம் முழுக்க கரண்ட் போகுது, டிவியில நாடகம் பாக்குற வேலாயி மண்ணை வாரித் தூத்துறா, அது இவருக்குக் கேக்குதா இல்லையான்னு கேளுங்க" என்பாள். லியனார்டும் வேறு வழியில்லாமல் அந்தோனியாரைப் பார்த்தே பதில் சொல்லிப் பழகிவிட்டார். காணாமல் போனதைத் தேடிக் கொடுக்கிற புனிதர், இந்த வீட்டில் தபால்காரர் வேலை பார்த்தார்.

இந்த நிலைமையில்தான் மட்டக்களப்பிலிருந்து ஏஞ்சலாவின் போன் வந்தது. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம், இரண்டு பேரும் கட்டாயம் வர வேண்டும். பஸ் எப்போது ஓடும், எப்போது நிற்கும் என்று கடவுளுக்கே தெரியாத காலம் அது. லியனார்டுக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. "காருலயே போவோம்! நுவரெலியா, வெலிமடை, பதுளை, பிபிலை, மட்டக்களப்பு. சொட்டு டீசல் வேணாம்!" என்று அந்தோனியாரிடம் அறிவித்தார்.

பதில் சாயந்தரம் வேலாயி மூலம் வந்தது. இந்தத் தடவை அந்தோனியாரை நம்பாமல் மனுஷர் மூலமே அனுப்பியிருந்தாள்.

"கார் நடுவழியில செத்து நின்னுச்சுன்னா அக்கா மகள் வீட்டோட இருந்துக்குவாங்களாம். திரும்பி வரமாட்டாங்களாம். லயத்துல எல்லாருக்கும் சொல்லியாச்சு."

"சார்ஜ் போட நிப்பாட்டுறது கணக்கா?" என்று கேட்டார் லியனார்ட்.

வேலாயி உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "அது கணக்கில்லையாம். செத்தாத்தான் கணக்காம்."

லியனார்ட் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். ஆனால் பயந்துவிட்டார். சுகிர்தம் சும்மா சொல்கிறவள் இல்லை. அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தார். பேசாத சுகிர்தமாவது சோறு ஆறுவதை அந்தோனியாரிடம் சொல்வாள். அவளும் இல்லாவிட்டால் தானும் அந்தோனியாரும் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். சுகிர்தம் அந்தோனியாரை மாடத்திலிருந்து எடுத்து வந்து காரின் டேஷ்போர்டில் வைத்தாள். பிறகு, முன் சீட்டைத் திரும்பியும் பார்க்காமல், ஹயருக்கு வண்டி பிடித்து வந்தவள் மாதிரிப் பின் சீட்டில் நடுவாக ஏறி உட்கார்ந்தாள். பின்னாலேயே ஒரு மூட்டை உருளைக்கிழங்கும், கரட்டும் லீக்ஸும், சம்பந்திக்குத் தேயிலைத் தூள் பொட்டலங்களும் ஏறின. லியனார்ட் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"அந்தோனியாரே, உருளைக்கிழங்கு மட்டக்களப்புலயும் விக்கிறாங்க. இந்தப் பாரத்துக்கு பேட்டரி தாங்காது."

"அந்தோனியாரே, பாரம் கொறையணும்னா டிரைவர் வயித்தக் கொறைக்கச் சொல்லுங்க."

உருளைக்கிழங்கு வந்தது.

ஏற்றத்தில் கார் கரண்டைக் குடித்த வேகம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. டேஷ்போர்டில் மிச்சச் சார்ஜைக் காட்டும் நம்பர் ஒன்று உண்டு. ஹட்டனைத் தாண்டியபோது தொண்ணூறில் இருந்தது, தலவாக்கலையில் எழுபதுக்கு வந்தது, நானுஓயாவில் லியனார்டுக்கு வியர்த்தது. நுவரெலியா குளிரில் வியர்த்த முதல் டிரைவர் அவராகத்தான் இருக்க வேண்டும். சார்ஜை மிச்சம் பிடிக்க ஹீட்டரை அணைத்தார், ரேடியோவை அணைத்தார், மழைத் தூறலில் வைப்பரையும் அணைத்துவிட்டுக் கையை வெளியே நீட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஓட்டினார். பின் சீட்டிலிருந்து ஒரு பேச்சில்லை. வேனாக இருந்தால் அந்த இரைச்சலில் அவள் பேசவில்லை என்பது உறைத்திருக்காது. இந்தக் காரில் அவள் மூச்சு விடுவது கேட்டது. அவள் கோபமாக மூச்சு விடுவதும் தனியாகக் கேட்டது.

நுவரெலியாவில் ஒரு சிங்களவரின் சலூனில் பிளக் கிடைத்தது. லியனார்ட் வயரைச் சொருகினார், சலூனில் கரண்ட் போனது. மெஷினில் முடி வெட்டிக்கொண்டிருந்தவர் பாதித் தலையோடு எழுந்து வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். பியூஸைப் போட்டு, அவர் தலை முடிகிற வரை காத்திருந்து, மறுபடி சொருகினார்கள். சலூன்காரர் கோபப்படவில்லை, பிளேன்டீ கொடுத்தார். நல்ல மனுஷர்.

நம்பர் நாற்பதுக்கு ஏறியதும் கிளம்பினார்கள். மத்தியானமாகிவிட்டது. ஹக்கலையில் இறக்கம் தொடங்கியது. லியனார்டுக்கு முகம் மலர்ந்தது. இது அவர் ராஜ்யம்.

"அந்தோனியாரே, இப்ப பாருங்க. நியூட்ரல்ல போட்டா ஒரு பொட்டுக் கரண்ட் செலவாகாது. வெலிமடை வரைக்கும் ஓசிப் பயணம்!"

நியூட்ரலில் தள்ளினார். கார் உருண்டது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தார், பிரேக் கருகிய வாடை வந்தது, அந்த வாடை அவருக்குச் சந்தன வாடை. நம்பர் நாற்பதிலேயே நின்றது. பாதி வழியில் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். லைசென்ஸைப் பார்த்தார், உருளைக்கிழங்கைப் பார்த்தார், அந்தோனியாரைப் பார்த்தார், போகச் சொன்னார். போலீஸைக் கண்டால் லியனார்டுக்கு எப்போதும் ஒரு நடுக்கம். அந்தப் பதட்டத்தில் கியரில் போட்டவர் நியூட்ரலுக்கு மாற்ற மறந்து கொஞ்ச தூரம் இறங்கினார். பின் சீட்டிலிருந்து சுகிர்தம் நம்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய முகத்தைப் பார்க்க இஷ்டமில்லாதவளுக்கு வேறு எதைப் பார்ப்பது? நம்பர் நாற்பத்தொன்று ஆனது. நாற்பத்திரண்டு ஆனது. அவள் முன்னால் குனிந்து பார்த்தாள். நாற்பத்து மூன்று. அப்போதுதான் லியனார்டுக்கு ஞாபகம் வந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு நியூட்ரலில் தள்ளினார். நம்பர் அசையாமல் நின்றது.

"அட, மூணு கூடியிருக்கே! ஒண்ணுமில்ல, அந்தோனியாரே. நிப்பாட்டி வச்சதுல பேட்டரி ஆறியிருக்கு. ஆறினா கொஞ்சம் ஊறும்" என்று விளக்கம் கொடுத்தார் லியனார்ட்.

சுகிர்தம் வாயைத் திறக்கப் போனாள். பிறகு மூடிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

இரவு பதுளையில் அவருடைய தம்பி கிளைவின் வீட்டில் தங்கினார்கள். வயரைச் சொருகிவிட்டு நிம்மதியாகப் படுத்தார் லியனார்ட். விடிந்து பார்த்தால் நம்பர் ஐம்பதைக்கூடத் தொடவில்லை. ராத்திரி பெரும்பாதி கரண்ட் வெட்டு. இருந்து சார்ஜ் போடலாம் என்றான் கிளைவ், பகலிலும் வெட்டு இருக்கிறது என்பதையும் அவனே சொன்னான். மறுநாள் காலையில் பூசை. பிபிலையில் ஒரு கடையில் பிளக் உண்டு, கடைக்காரர் கிளைவுக்குத் தெரிந்தவர். அதுவரை போய்விடலாம் என்று புறப்பட்டார்கள்.

போயிருக்கலாம்தான். பசறை ஏற்றம் ஒரு பங்கைத் தின்றது. அதற்கப்புறம் மண்சரிந்து ரோட்டை மூடியிருந்ததால் தோட்டத்து ரோடு ஒன்றில் சுற்றிப் போகச் சொன்னார்கள், அது மறுபடி ஏற்றம், அது இன்னொரு பங்கைத் தின்றது. லுணுகலையைத் தாண்டும்போது நம்பர் மூன்று. டேஷ்போர்டில் சின்னதாக ஒரு படம் எரிந்தது. லியனார்ட் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

ஆமை. அச்சு அசலாக ஓர் ஆமை.

சார்ஜ் தீரப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். காரும் ஆமையாகவே நகர்ந்தது. தலையில் விறகுக் கட்டோடு நடந்த ஒரு பெண், இவர்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தோனியாரே," என்றது பின் சீட்டு. "ஆமை வந்திருச்சு."

ஏற்றம் முடிந்து ரோடு கீழே இறங்கத் தொடங்கும் இடத்தில் லியனார்ட் காரை ஓரமாக நிறுத்தினார். கார் சாகவில்லை, அவராகத்தான் நிறுத்தினார். கீழே பிபிலைப் பக்கம் வெயிலில் காடு தெரிந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தார். நியூட்ரலில் இறக்கினால் அடிவாரம் வரை உருண்டுவிடும். அதற்குப் பிறகு சமதரை. மூன்றை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? நடுக்காட்டில் செத்து நிற்கும். சுகிர்தம் இறங்குவாள், எந்த லொறியிலாவது ஏறுவாள், மகளிடம் போவாள். திரும்பி வரமாட்டாள்.

இத்தனை வருஷ டிரைவர், வழி எது, வண்டி எது, எங்கே நிறுத்துவது, எங்கே விடுவது, எதையும் யாரிடமும் கேட்டதில்லை. அந்தோனியாரைப் பார்த்தார்.

"அந்தோனியாரே..." என்று தொடங்கினார். அதற்கு மேல் வரவில்லை. மெல்லத் திரும்பி, பின் சீட்டைப் பார்த்தார்.

"சுகிர்தம், எனக்கு ஒண்ணும் தெரியல. என்னா செய்வோம்? நீ சொல்லு."

சுகிர்தம் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கார் வந்த நாளுக்குப் பிறகு அவர் முகத்தை நேராகப் பார்ப்பது இப்போதுதான்.

"நியூட்ரல்ல போடாதீங்க" என்றாள்.

லியனார்டுக்கு அவள் பேசியது முதலில் உறைக்கவில்லை, சொன்னது உறைத்தது. "என்னா? எறக்கத்துலயா? கியர்லயா? நானா?"

"ஆமா, நீங்கதான். நேத்து போலீஸ்காரன் விட்டப்புறம் கியர்லயே எறக்கினீங்க. நம்பரு ஏறுச்சு. நியூட்ரல்ல போட்டீங்க, நின்னுபோச்சு. நான் கண்ணால பாத்தேன். பேட்டரியும் ஊறல, ஒண்ணும் ஊறல. சக்கரம் சுத்துற சுத்துல கரண்டு உள்ள போகுது."

"அதை ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

லியனார்ட் டேஷ்போர்டில் எரிந்த ஆமையைப் பார்த்தார்.

"வேனைக் குடுத்தப்பவும் கேக்கல" என்றாள் அவள். "நம்ம புள்ள பொறந்த வேனு. குடுத்தது தப்புன்னு நான் சொல்லல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே சரின்னுதான் சொல்லியிருப்பேன்."

"கேட்டிருக்கணும்" என்றார் லியனார்ட். ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அன்னைக்கு மழையில, சோத்துப் பார்சலத் தூக்கிக்கிட்டு, நான் வரிசையில கெடந்த டீசல் ஷெட் வரைக்கும் நடந்து வந்த பாரு. செருப்பு பிஞ்சு கையில இருந்துச்சு. அதப் பாத்தப்புறம் இனி ஒருநாளும் இவள இப்படி நடக்க விடக் கூடாதுன்னு தோணுச்சு. அந்த நேரம் மாஸ்டர் வந்து நின்னாரு. குடுத்திட்டேன்."

பின் கதவு திறந்து மூடியது. போய்விட்டாளா? இல்லை. முன் கதவு திறந்தது. சுகிர்தம் ஏறி உட்கார்ந்து, சேலையை ஒதுக்கிக்கொண்டு, அந்தோனியாரைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"இத எங்கிட்ட சொல்றதுக்கு என்னவாம்? லூசு மனுசன். எடுங்க."

லியனார்ட் கியரில் போட்டார். இறக்கத்தில் கியரில் போவது அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. கை தானாக நியூட்ரலுக்குப் போனது, சுகிர்தம் அந்தக் கையில் ஒரு அடி வைத்தாள். முதல் வளைவில் நம்பர் மூன்று. இரண்டாவது வளைவில் நான்கு.

"நாலு!" என்று கத்தினார் லியனார்ட்.

"கத்தாதீங்க. இது வேனில்ல."

ஐந்தானது. ஆறானது. ஆமை அணைந்தது. எட்டானபோது லியனார்ட், திரும்ப மேலே போய் இன்னொரு தடவை இறங்கிப் பார்ப்போமா என்று கேட்டார். கேட்டதற்காக இன்னொரு அடி வாங்கினார். ஆனாலும் உள்ளுக்குள் அவருக்கு ஒரு வருத்தம் இருக்கத்தான் செய்தது. கினிகத்தேனையும் கித்துல்கலையும் கண்முன் வந்துபோயின. "அப்போ நான் இவ்வளவு நாளா எறக்கினதெல்லாம்?" என்றார் பரிதாபமாக.

"வேனுக்கு அது சரிங்க. யாரு இல்லன்னா? இது வேற ஜாதி."

பிபிலைக் கடையில் பிளக் இருந்தது, கரண்டும் இருந்தது, நம்பர் போதுமான அளவு ஏறும் வரை அங்கேயே உட்கார்ந்தார்கள். அங்கே தொடங்கிய சுகிர்தத்தின் பேச்சு மட்டக்களப்பு வரை நிற்கவில்லை. மூன்று மாதமாகச் சேர்த்து வைத்தது அத்தனையும் வந்தது. வேலாயியின் மருமகள் விஷயம், கூரைத் தகர ஒழுக்கு, அவருடைய வயிறு, டியூஷன் மாஸ்டரின் முழி. வேனில் இருந்தபோது பாதிதான் லியனார்டின் காதில் விழும், மீதிக்குத் தலையாட்டிச் சமாளிப்பார். இந்தக் காரில் ஒரு எழுத்துத் தப்பவில்லை. எலெக்ட்ரிக் காரில் இப்படி ஒரு சிக்கல் இருப்பதை மாஸ்டர் சொல்லவே இல்லை என்று நினைத்துக்கொண்டார். ஆனாலும் மெதுவாகவே ஓட்டினார்.

நன்றாக இருட்டிய பிறகு ஏஞ்சலாவின் வீட்டு வாசலில் கார் சத்தமில்லாமல் வந்து நின்றது. யாருக்கும் கேட்கவில்லை, ஹார்ன் அடித்துத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. மருமகன் நிரோஷன் உருளைக்கிழங்கை இறக்கினான். சுகிர்தம் பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள்.

ஏஞ்சலா அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "வேலாயி அக்கா போன்ல எல்லாம் சொன்னாங்கம்மா. கார் நின்னுச்சுன்னா நீங்க இங்கயே இருந்திருவீங்களாமே. எங்கயாவது நின்னுச்சா?"

லியனார்ட் தண்ணீர்க் குவளையை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"நின்னுச்சு" என்றாள் சுகிர்தம். "லுணுகலையில."

"அப்போ?"

"கார் சாகல புள்ள. ஒங்கப்பாதான் நிப்பாட்டினாரு, எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்குறதுக்கு." பேரப்பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு நிரோஷன் பக்கம் திரும்பினாள். "தம்பி, காருக்கு வயரை எங்க சொருகுறது? நாளைக்குப் பூசை முடிஞ்சதும் நாங்க ரெண்டு பேரும் கெளம்பணும். திரும்பிப் போறது பூரா ஏத்தம்."